வேல்ஸ் 2024: ஒரு வருடத்தை போன்ட்டிப்ரித்திலிருந்து பார்த்தால்

#1 கரிச்சுரங்கம்

வேல்ஸைப் பற்றி இந்தக் குழுவில் பேச்சு வந்தால் ரக்பி, அரச குடும்பம், நீளமான ரயில் நிலையப் பெயர் என்று மூன்றோடு முடிந்துவிடுகிறது. இந்த இழையில் ஒரே ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டு, அந்த மக்களின் பொது வாழ்வில் என்ன நடந்தது என்று பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம். 2024.

என் கட்சி இது: அந்த வருடத்தை கார்டிஃப் நகரத்திலிருந்து பார்ப்பதைவிட போன்ட்டிப்ரித் என்ற ஊரிலிருந்து பார்த்தால் நன்றாகப் புரியும். டாஃப் நதியும் ரோந்தா நதியும் கலக்கும் இடம். நிலக்கரிப் பள்ளத்தாக்குகளுக்கு வாசல். வேல்ஸின் தேசிய கீதம் 1856இல் பிறந்த ஊர். ஆகஸ்ட் 3 முதல் 10 வரை தேசிய ஐஸ்தெத்வோட் விழா அங்கே, ஊர் நடுவிலுள்ள அனிசங்ஹாரட் பூங்காவில் நடந்தது. 1893இலும் அதே ஊரில் நடந்திருக்கிறது. மூன்றரை மாதம் கழித்து, நவம்பர் 24 அன்று, அதே ஊருக்குள் வெள்ளம் வந்தது. நடுவில் ஒரு முதல்வர் போனார், இன்னொருவர் வந்தார். போர்ட் டால்பட் எஃகு ஆலையில் கடைசி ஊதுலை அணைந்தது.

உச்சரிப்புக்கு ஒரு வார்த்தை. வெல்ஷ் எழுத்தில் இரட்டை டி வந்தால், நம் "அது" என்ற சொல்லில் வரும் த ஒலிதான். ஆங்கிலம் வழியாகப் போகாமல் தமிழ் வழியாகவே சரியாகச் சொல்லிவிடலாம். ஒற்றை எஃப் வந்தால் வ.

ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த பகுதியை எழுதுங்கள்.

#2 தென்றல்_மதுரை

அண்ணா, ஐஸ்தெத்வோட் என்றால் கவியரங்கம் மாதிரியா, போட்டியா? நாற்காலி பரிசு என்கிறார்களே, நிஜமாகவே நாற்காலியா?

#3 வெண்பாப்பித்தன்

நிஜ நாற்காலிதான் தங்கச்சி. ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒரு தச்சர் மரத்தில் செய்வார். கவிஞர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

விழா எட்டு நாள். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை தொடக்கம், ஒரு வருடம் வடக்கே, ஒரு வருடம் தெற்கே. சேர்ந்திசை, தனிப்பாட்டு, யாழ், நடனம், நாடகம், கட்டுரை, அறிவியல் வரை போட்டிகள் உண்டு. மேடைமொழி வெல்ஷ் மட்டும். இந்த விதி 1950 கேர்ஃபிலி விழாவிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. பார்வையாளருக்குக் காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவி தருகிறார்கள்.

பெரிய கவிதைப் பரிசுகள் இரண்டு. திங்கள்கிழமை கிரீடம்: கட்டற்ற யாப்பில் எழுதிய நெடுங்கவிதைக்கோ கவிதைத் தொகுப்புக்கோ. வெள்ளிக்கிழமை நாற்காலி: மரபு யாப்பில் எழுதிய நெடும்பாட்டுக்கு. அந்த நெடும்பாட்டின் பெயர் அவ்டல். புதன்கிழமை உரைநடைப் பதக்கம்.

இந்த விழாவை ஆகஸ்ட் மாத விழா என்று எண்ணுவதுதான் வெளியாட்கள் செய்யும் முதல் பிழை. கவிஞருக்கு அது பதினைந்து மாத வேலை:

விழாவுக்கு ஒரு வருடமும் ஒரு நாளும் முன்னதாகவே அடுத்த ஊரில் அறிவிப்புச் சடங்கு நடக்க வேண்டும். கோர்செத் என்ற கவிஞர் சபை ஊர்வலமாகப் போகும். தலைப்புப் பட்டியல் புத்தகம் அங்கேதான் வெளியாகும். நாற்காலிக்கு இன்ன தலைப்பு, இத்தனை வரிக்கு மேல் போகக்கூடாது (200 அல்லது 250 வரி வழக்கம்), நடுவர் மூவர் யார் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

பாட்டைப் புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். கெடு பெரும்பாலும் ஏப்ரல் 1. உண்மைப் பெயர் தனியே மூடி வைக்கப்படும். நடுவருக்குப் புனைபெயர் மட்டும்தான் தெரியும்.

மூன்று நடுவரும் தனித்தனியே விமர்சனம் எழுதுவார்கள். வந்த எல்லாப் பாட்டுக்கும், தோற்றவற்றுக்கும் சேர்த்து. தகுதியான பாட்டு இல்லையென்றால் "யாருக்கும் தகுதியில்லை" என்று நாற்காலியைக் காலியாக விடுவார்கள். பல முறை விட்டிருக்கிறார்கள்.

வென்றவருக்கு முன்கூட்டியே தகவல் போய்விடும். ஆகஸ்ட் வரை வாயைத் திறக்கக்கூடாது.

சடங்கு நாளில் மண்டபம் இருட்டாகும். மூத்த நடுவர் ஒருவர் மேடையில் நின்று, வந்த பாட்டுகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் பேசி, கடைசியில் புனைபெயரைச் சொல்வார். எக்காளம் ஊதியதும் அந்தப் புனைபெயருக்கு உரியவர் மட்டும் எழுந்து நிற்க வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் பேர் உட்கார்ந்திருக்கும் இருட்டில் ஒரு வெளிச்சம் தேடிக்கொண்டே போய் ஒருவர் மேல் விழும். ஊதா அங்கி போர்த்தி மேடைக்கு அழைத்துப் போவார்கள். பெரிய வாள் ஒன்றை உறையிலிருந்து பாதி உருவுவார்கள். முழுக்க உருவவே மாட்டார்கள். தலைமை ட்ரூயிட், அதாவது கவிஞர் சபையின் தலைவர், "அமைதி உண்டா?" என்று மூன்று முறை கேட்பார். மூன்று முறையும் கூட்டம் "ஹெத்தூஹ்" என்று முழங்கும். அமைதி என்று பொருள். அதன்பிறகுதான் கவிஞரை உட்காரவைப்பார்கள்.

1917இல் பிர்க்கன்ஹெட் விழாவில் புனைபெயரை அழைத்தபோது யாரும் எழவில்லை. வென்ற ஹெத் வின் ஜூலை 31 அன்றே பெல்ஜியப் போர்க்களத்தில் இறந்துவிட்டிருந்தார். நாற்காலி மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அந்த நாற்காலி இன்றும் டிராஸ்வனித் ஊருக்கு அருகில் அவருடைய பண்ணை வீட்டில் இருக்கிறது. செய்தவர் பெல்ஜியத்திலிருந்து அகதியாக வந்த தச்சர்.

#4 பவானி_எழுத்து

இந்தச் சடங்கெல்லாம் பழங்காலத்து ட்ரூயிட் பூசாரிகளின் மரபு என்று பரவலாக எழுதுகிறார்கள். அதை இங்கேயே திருத்திவிடுவோம். போட்டி பழையது: 1176இல் கார்டிகன் கோட்டையில் ரீஸ் பிரபு நடத்தியது பதிவில் இருக்கிறது. கோர்செத் சடங்கு புதியது. யோலோ மோர்கனுக் என்ற கல்தச்சர், பெரிய அறிஞர், அதே அளவுக்குப் பழஞ்சுவடிகளைப் போலியாகப் புனைந்தவர், 1792இல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கற்களை வட்டமாக வைத்துத் தொடங்கியது. 1819இல் கார்மார்த்தனில் ஐஸ்தெத்வோடோடு சேர்ந்தது. போன்ட்டிப்ரித் மேட்டிலும் ஆடும் பாறை ஒன்றைச் சுற்றி இதே பாணியில் கல்வட்டம் உண்டு. 19ஆம் நூற்றாண்டு வேலை.

தொடக்கம் புனைவு என்பதால் இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. இருநூறு வருடமாகத் தன் மொழிக் கவிஞனுக்காக எழுந்து நிற்கும் கூட்டம் புனைவில்லை.

#5 தென்றல்_மதுரை

மரபு யாப்பு என்றீர்களே, நம் வெண்பா மாதிரி சீர், தளை எல்லாம் உண்டா?

#6 வெண்பாப்பித்தன்

அசை எண்ணிக்கை உண்டு, தளை கிடையாது. கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் பெயர் கங்ஹனெத். ஒத்திசை என்று சொல்லலாம். நம் மோனையில் முதலெழுத்து, எதுகையில் இரண்டாம் எழுத்து. கங்ஹனெத்தில் வரியின் முதல் பாதியில் உள்ள மெய்கள் அத்தனையும் அதே வரிசையில் இரண்டாம் பாதியில் திரும்ப வர வேண்டும். உயிர்கள் மாறலாம்.

நாலு வகை. "குறுக்கு" என்பதில் எல்லா மெய்யும் ஒப்பு. "கடப்பு" என்பதில் நடுவில் சில மெய்களைத் தாண்டிப் போகலாம், பாலம் போல. "ஒலி" என்பதில் வரி மூன்றாக உடையும்: முதலிரண்டும் இயைபு, பின்னிரண்டும் மெய்யொப்பு. "இழுப்பு" என்பதில் முதல் பாதியின் கடைசி அசை, வரியின் இறுதிச் சொல்லில் ஈற்றுக்கு முந்தைய அசையோடு இயையும்.

முதல் வகைக்குத் தமிழில் ஒரு மாதிரி:

காதல் நீர், கதலி நார்.

க-த-ல்-ந-ர், க-த-ல-ந-ர். ஐந்து மெய், அதே வரிசை.

எங்லின் என்ற நாலு வரிப் பாவுக்கு 10, 6, 7, 7 என்று மொத்தம் 30 அசை. எல்லா வரியும் ஒரே இயைபு. ஒவ்வொரு வரியிலும் இந்த மெய்க்கட்டு. வெண்பா எழுதியவர்களுக்கு இதன் பாரம் கையில் தெரியும்.

#7 மெய்யப்பன்_டி

ஐயா, விளக்கம் அருமை. ஆனால் எடுத்துக்காட்டு வெல்ஷ் நடுவரிடம் தேறாது. நீர், நார் இரண்டும் நெடில், இரண்டும் ர் என்று முடிகின்றன. உயிர் மட்டும் மாறி ஈற்றுமெய் ஒன்றாக வந்தால் அது "ப்ரொயிஸ்ட்" என்ற குற்றம். பாதி ஈறும் வரி ஈறும் ஒன்றையொன்று எதிரொலிக்கக்கூடாது. அழுத்தம் ஈற்றசையில் விழுந்தால் அந்த உயிர் வரைக்கும் மெய் ஒக்க வேண்டும், அதற்குப் பிறகு ஒக்கக்கூடாது. ஈற்றுக்கு முந்தைய அசையில் விழுந்தால் கடைசி இரண்டு உயிருக்கும் நடுவிலுள்ள மெய்யும் ஒக்க வேண்டும். காதுக்கு எதிர்பார்ப்பைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் வேறு திசைக்குப் போவதுதான் அழகு என்பது அவர்கள் கணக்கு.

"காதல் நீரோ, கதலி நாரா" என்றால் தப்பிக்கும். அழுத்தம் நீ, நா மேல் விழும். இருபுறமும் ந-ர ஒக்கும். ஈற்றுயிர் ஓ, ஆ என்று பிரிந்துவிடும்.

புதிதாக எழுதுபவர்கள் விழும் மற்ற குழிகள்: ஒரு மெய்க்குப் பதில் மெய் விட்டுப்போவது, வரிசை மாறுவது, மெய்க்கூட்டம் ஒரு பாதியில் அழுத்தத்துக்கு முன்னும் மறு பாதியில் பின்னும் விழுவது. இந்த மூன்றாவதைக் கண்ணால் பிடிக்க முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். இரண்டு ப் மெலிந்த ஒலியில் அடுத்தடுத்து வந்தால் வலிந்த ஒலிக்குச் சமமாகும் என்ற விதியையும் பலர் மறப்பார்கள். ஹ ஒலியை மட்டும் எண்ணத் தேவையில்லை.

இதைச் சாதாரண ஜனங்கள் ரசிக்கிறார்களா என்று யாராவது கேட்பீர்கள். வானொலியில் 1979இலிருந்து அணி அணியாகக் கவிஞர்கள் மோதும் நிகழ்ச்சி ஓடுகிறது. பத்துக்கு எட்டரை, ஒன்பது, ஒன்பதரை என்று மதிப்பெண். அரை மதிப்பெண்ணுக்கு ஏன் குறைத்தார் என்று கேட்பவர்களில் விவசாயியும் உண்டு, ஆசிரியரும் உண்டு.

#8 வெண்பாப்பித்தன்

ஏற்றுக்கொண்டேன் மெய்யப்பன். நீரோ, நாரா என்றே எல்லோரும் திருத்திக்கொள்ளுங்கள்.

இனி 2024 முடிவுகள். நாற்காலித் தலைப்பு "சங்கிலி". வென்றவர் வடமேற்கில் பெனிக்ரோயிஸ் ஊரைச் சேர்ந்த கார்வின் எக்லி. சிறுவயதில் தந்தையை இழந்ததைப் பற்றிய பாட்டு. இப்படியொரு துயரத்தை மெய்க்கட்டுக்குள் வைத்தால் செயற்கையாகிவிடும் என்று நினைப்போம். கட்டு இருப்பதால்தான் அழுகை வரம்புக்குள் நிற்கிறது என்பது என் வாசிப்பு.

கிரீடத் தலைப்பு "நினைவு". அந்தத் தலைப்பு சும்மா வைத்ததில்லை. சரியாக நூறு வருடம் முன்பு, 1924இல் போன்ட்டிபூல் விழாவில், பிராசர் ரீஸ் இதே தலைப்பில் கிரீடம் வென்றார். ஆணுக்கு ஆண் மேல் வரும் காதலை அந்தக் கவிதை வெளிப்படையாகப் பேசியதால் பெரும் கொந்தளிப்பு. நூற்றாண்டில் அதே தலைப்பைத் திரும்ப வைத்தார்கள். வென்றவர் க்வின்வோர் டாவித். விழா நடந்த அதே மாவட்டத்தில் டொன்னரெவைல் ஊர்க்காரர். பரிசளித்த தலைமை ட்ரூயிட் மெரெரிட் ஹாப்வுட். 2001இல் நாற்காலி வென்ற முதல் பெண் அவர்தான். 2024தான் அந்தப் பதவியில் அவருக்கு முதல் விழா.

#9 அறிவழகன்

விழா வாரத்திலேயே அரசியலும் மாறியது. அதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு சேராது.

மார்ச்சில் மார்க் டிரேக்ஃபோர்ட் விலக, 20ஆம் தேதி வான் கெத்திங் முதல்வரானார். ஐரோப்பாவில் ஒரு நாட்டு அரசுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினத்தவர். கட்சித் தலைவர் தேர்தலுக்கு வாங்கிய 2,00,000 பவுண்டு நன்கொடை பற்றிய கேள்விகள் விடவில்லை. ஜூன் 5 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 29க்கு 27 என்று தோற்றார். அந்த வாக்கெடுப்பு அவரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது; நீடித்தார். ஜூலை 16 அன்று நாலு பேர் அரசிலிருந்து ஒரே காலையில் விலகியதும் போகிறேன் என்றார். ஆகஸ்ட் 6, செவ்வாய், ஐஸ்தெத்வோடின் நடுவில், விடுமுறையிலிருந்த செனெத்தை (வேல்ஸ் சட்டமன்றம்) கூட்டி எலினெட் மோர்கனைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

இடையில் ஜூலை 4 பிரிட்டன் பொதுத் தேர்தல். வேல்ஸின் தொகுதிகள் 40இலிருந்து 32 ஆகக் குறைந்திருந்தன. லேபர் 27, வெல்ஷ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி 4, லிபரல் டெமாக்ரட் 1, கன்சர்வேட்டிவ் பூஜ்யம். 27 இடம் என்றதும் அலை என்று எழுதினார்கள். லேபரின் வாக்கு விகிதம் முந்தைய தேர்தலைவிடக் குறைந்து 37 சதவீதத்தில் நின்றது. எதிரணி வாக்கு சிதறியதில் கிடைத்த இடங்கள் அவை.

நீண்ட நாள் நிற்கப்போவது மே 8 அன்று நிறைவேறிய சட்டம்தான். செனெத் உறுப்பினர் 60இலிருந்து 96. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 40 வாக்கு தேவை, 43 கிடைத்தது. 32 தொகுதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து 16; ஒவ்வொன்றிலும் ஆறு இடம்; வாக்காளர் கட்சிப் பட்டியலுக்கு ஒரே வாக்கு போடுவார். இடம் பிரிக்க டோண்ட் முறை. கற்பனைக் கணக்கு ஒன்று:

அ 40,000, ஆ 30,000, இ 18,000, ஈ 10,000. முதல் இடம் அ. இடம் பெற்றதும் அதன் வாக்கை 2ஆல் வகுத்து 20,000. அடுத்து ஆ 30,000. அது 15,000 ஆகும். மூன்றாவது அ 20,000. இனி அதற்கு 13,333. நாலாவது இ 18,000. ஐந்தாவது ஆ 15,000. ஆறாவது அ 13,333. முடிவு 3, 2, 1, 0.

ஈ கட்சி பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஒன்றுமில்லை. ஆறு இடம்தான் என்பதால் ஏறக்குறைய 12 முதல் 14 சதவீதம் வரை எட்டாத கட்சி வெளியே நிற்கும். விகிதாசார முறை என்ற பெயரைப் பார்த்து எல்லோருக்கும் பங்கு என்று நினைத்துவிடக்கூடாது. பட்டியலில் வேட்பாளர் வரிசையைக் கட்சியே முடிவு செய்யும், வாக்காளர் மாற்ற முடியாது. என் பார்வையில் இதுதான் இந்தச் சட்டத்தின் பலவீனமான இடம்.

#10 தென்றல்_மதுரை

மார்ச் 1, வேல்ஸின் காவல் புனிதர் டேவிட்டின் நாளை யாருமே சொல்லவில்லையே!

#11 பவானி_எழுத்து

அது விடுமுறை நாள்கூட இல்லை தென்றல். செனெத் 2000இலேயே ஒருமனதாகக் கேட்டும் லண்டன் கொடுக்கவில்லை. பள்ளிகளில்தான் முழுதாக நடக்கும்: சிறு ஐஸ்தெத்வோட், பிள்ளைகள் சட்டையில் லீக் என்ற வெங்காய இனத் தாள் அல்லது டாஃபடில் பூ. பிள்ளைகளின் போட்டி அங்கே தொடங்கி வட்டாரச் சுற்று தாண்டி, மே மாதக் கடைசி வாரம் இர்த் என்ற இளைஞர் அமைப்பின் ஐஸ்தெத்வோடில் முடியும். 2024இல் அது மைவோட் ஊரில். 25 வயது வரை கலந்துகொள்ளலாம். தேசிய விழாவில் எழுந்து நிற்கும் கவிஞர்களில் பலர் அங்கே பழகியவர்கள்.

வீட்டில் அன்றைக்கு வெல்ஷ் கேக் சுடுவார்கள். தானே உப்பும் மாவு 225 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 110, சர்க்கரை 85, கருந்திராட்சை 50, முட்டை 1, கலந்த மசாலாத்தூள் அரைத் தேக்கரண்டி. வெண்ணெயை விரல்நுனியால் மாவில் உதிர்த்து, புட்டு மாவு பதம் வந்ததும் மற்றதைப் போட்டுப் பிடிக்க வேண்டும். பிசைந்தால் ரப்பராகிவிடும். அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தேய்த்து வட்டமாக வெட்டி, தடித்த தோசைக்கல்லில் பக்கத்துக்கு மூன்று நிமிடம். கெடுவது எப்போதும் சூட்டில்தான்: கல் காய்ந்துவிட்டால் சர்க்கரை கருகி நடு வேகாது. ஒன்றை முதலில் போட்டு உடைத்துப் பாருங்கள். ஓரம் மணல் போல் உதிர்ந்து நடு ஈரமில்லாமல் இருந்தால் மீதியைப் போடலாம். சுட்ட சூட்டிலேயே சர்க்கரையில் புரட்ட வேண்டும்.

#12 கரிச்சுரங்கம்

எஃகுக்கு வருகிறேன். 2024இல் வேல்ஸில் நடந்தவற்றில் மிகப் பெரியது இதுதான் என்று சொல்வேன்.

போர்ட் டால்பட் ஆலை 2007 முதல் டாடாவிடம். ஜனவரி 19 அன்று இரண்டு ஊதுலைகளையும் மூடும் திட்டத்தை அறிவித்தார்கள். பிரிட்டன் முழுவதும் 2,800 வேலை வரை போகும் என்றார்கள்; பெரும்பகுதி இந்த ஊரில். மார்ச்சில் நிலக்கரியைச் சுட்டுக் கோக் என்ற எரிபொருளாக்கும் அடுப்புகள் நின்றன. ஜூலையில் 5ஆம் உலை. செப்டம்பர் 30 அன்று 4ஆம் உலை, கடைசி.

ஊதுலையை நிறுத்துவது அடுப்பை அணைப்பது போல இல்லை. மேலிருந்து இரும்புத்தாது, கோக், சுண்ணாம்புக்கல் அடுக்கடுக்காக இறங்கிக்கொண்டே இருக்கும். கீழிருந்து சூடான காற்று ஏறிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் இரவு பகலாக ஓடும். நிறுத்தினால் அடியில் மிஞ்சிய உருகிய இரும்பு ஒரே கட்டியாக உறையும். சூடேற்றி மறுபடி ஓட்டுவது நடைமுறையில் ஏறக்குறைய முடியாது. அடித்தளத்தையே உடைத்துக் கட்ட வேண்டும். அதனால் அந்தத் தேதிக்குத் திரும்பி வர வழி கிடையாது.

பதிலுக்கு வருவது மின்வில் உலை. 125 கோடி பவுண்டு, அதில் 50 கோடி பிரிட்டன் அரசு. வருடம் 30 லட்சம் டன் கொள்ளளவு. கார்பன் புகை வெகுவாகக் குறையும், உண்மை. தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் வேலை அங்கே இல்லாமல் போகிறது, பழைய இரும்பை உருக்கும் வேலை மட்டும் மிஞ்சும் என்பதும் உண்மை. ஆள் தேவை மிகக் குறைவு.

தொழில்நுட்பத்தில் உள்ள இடர் செம்பு. பழைய காரை நொறுக்கினால் மோட்டார், கம்பி என்று செம்பு கலந்து வரும். உலையில் ஆக்சிஜன் ஊதி மற்ற அழுக்கை எரித்துவிடலாம். இரும்பைவிடச் செம்பு எளிதில் ஆக்சைடு ஆகாது என்பதால் அது எஃகிலேயே தங்கும். சூட்டில் உருட்டும்போது மேற்பரப்பில் திரவமாகச் சேர்ந்து படிக எல்லைகளுக்குள் இறங்கி வெடிப்பு விடும். கட்டடக் கம்பிக்குப் பரவாயில்லை. போர்ட் டால்பட் செய்வது கார் உடலுக்கும் தகர டப்பாவுக்குமான மெல்லிய தகடு. ஆகவே பழைய இரும்பைப் பிரித்தெடுக்க வேண்டும், அல்லது தாதுவிலிருந்து வந்த சுத்த இரும்பைக் கலந்து நீர்க்கச் செய்ய வேண்டும்.

புது உலை வரும்வரை உருட்டாலைகளுக்கு எஃகுப் பாளங்கள் கப்பலில் வருகின்றன: டாடாவின் இந்திய ஆலைகளிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும். அங்கே அணைந்த நெருப்பின் வேலையில் ஒரு பங்கு இங்கே எரிகிறது. இதை எந்தப் பக்கம் நின்று பேசுவதானாலும் மறைக்காமல் பேச வேண்டும்.

#13 அறிவழகன்

விவசாயிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தோழர். மார்ச் 6 அன்று செனெத் படிகளில் 5,500 ஜோடி ரப்பர் பூட்ஸை வரிசையாக வைத்தார்கள். புதிய மானியத் திட்டத்தால் அத்தனை வேலை போகலாம் என்று அரசே செய்வித்த மதிப்பீடு சொன்னது. அந்த எண்ணிக்கை அது. சண்டையின் மையம், மானியம் வேண்டுமானால் பண்ணையில் 10 சதவீதம் மரம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. மலையில் ஆடு மேய்ப்பவருக்கும் சமவெளியில் மாடு வளர்ப்பவருக்கும் ஒரே சதவீதம் எப்படிப் பொருந்தும்? மே மாதம் திட்டத்தை 2026க்குத் தள்ளினார்கள். நவம்பரில் பண்ணைக்குப் பண்ணை 10 சதவீதம் என்பதை எடுத்துவிட்டு, மொத்தத் திட்டத்துக்கு ஒரு மர இலக்கு என்று மாற்றினார்கள். பண்ணைக் குடும்பங்களில் வெல்ஷ் பேசுவோர் விகிதம் மற்ற தொழில்களைவிட வெகு அதிகம் என்பதால் இது மொழிப் பிரச்சினையும்கூட.

#14 மெய்யப்பன்_டி

விளையாட்டை நாலு வரியில் முடிக்கிறேன். ஆண்கள் ரக்பி: அந்த ஆண்டு ஆடிய 11 டெஸ்டிலும் தோல்வி. 1937க்குப் பிறகு ஒரு வெற்றிகூட இல்லாத முதல் ஆண்டு. பழம்பெரும் வீரர்கள் ஜே.பி.ஆர். வில்லியம்ஸும் பாரி ஜானும் ஒரு மாத இடைவெளியில் இறந்ததும் அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான். ரெக்ஸம் கால்பந்து அணி ஏப்ரல் 13 அன்று மூன்றாம் நிலை லீகுக்கு ஏறியது. பாரிஸ் ஒலிம்பிக்கில் சைக்கிள் வீராங்கனை எம்மா ஃபினுகேன் ஒரு தங்கம், இரண்டு வெண்கலம். டிசம்பர் 3 அன்று பெண்கள் கால்பந்து அணி டப்ளினில் அயர்லாந்தை 2-1 என்று வென்று முதன்முறையாகப் பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றது. ஆண்கள் ரக்பிக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியாவது அந்த அணிக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

#15 பவானி_எழுத்து

ஐஸ்தெத்வோடின் நாடகப் பதக்கத்தை யாரும் தொடவில்லை. 2024இல் நடுவர் வேலை முடிந்த பிறகு அந்தப் போட்டியையே ரத்து செய்தார்கள். விளக்கம் விரிவாகத் தரவில்லை. நாடகக்காரர்கள் கொதித்தார்கள்.

வெண்பாப்பித்தன் சொன்ன "தகுதியில்லை" முடிவோடு இதைக் குழப்பக்கூடாது. அது நடுவர் முடிவு; காரணம் அச்சில் வரும்; எழுதியவர் தன் புனைபெயரைத் தேடிப் படித்துத் திருத்திக்கொள்ளலாம். இங்கே நடுவர் எழுதியதும் வெளிவரவில்லை, பங்கேற்றவர்களுக்கு மதிப்பீடும் இல்லை.

#16 வெண்பாப்பித்தன்

அமைப்பாளர் பக்கம் ஒன்று சொல்ல இருக்கிறது அக்கா. புனைபெயர் முறையில் விளக்கம் கொடுக்கக் கொடுக்க ஆள் யாரென்று தெரிந்துவிடும். சின்ன மொழி, எழுதுபவர் எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். மௌனம் சில சமயம் ஒருவரைக் காக்கும்.

#17 பவானி_எழுத்து

ஆளைக் காக்கலாம் அண்ணா. எந்த விதி மீறப்பட்டது என்ற ஒரு வரியையாவது சொல்லியிருக்கலாம். விதியின் பெயரைச் சொன்னால் ஆளின் பெயர் வெளிவராது. போட்டி என்ற ஏற்பாடே நம்பிக்கையில்தான் நிற்கிறது. ஏப்ரல் 1க்குள் உறையை மூடி அனுப்புகிறவர், உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்துதான் அனுப்புகிறார்.

#18 கரிச்சுரங்கம்

அந்த ஒரு வரி வந்திருக்க வேண்டும், பவானி சொல்வதுதான் சரி.

இனி நவம்பர் 24. பெர்ட் புயல். போன்ட்டிப்ரித் ஏன் இப்படி அடிவாங்குகிறது என்றால், டாஃப் வடக்கே ப்ரெக்கன் மலைகளிலிருந்து வருகிறது; ரோந்தா மேற்கே குறுகிய பள்ளத்தாக்குகளிலிருந்து. இரண்டும் செங்குத்தான, குறுகிய ஓட்டம். மழை விழுந்து சில மணி நேரத்தில் உச்சம். இரண்டின் உச்சமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் ஊருக்குள் நீர் ஏறும். சரிவுகளில் வரிசை வீடுகள், கீழே ஆற்றை ஒட்டிக் கடைத்தெரு. ஆறு அகல இடமில்லை. மலையிலிருந்து வரும் ஓடைகளைப் பழைய மதகுக் குழாய்க்குள் விட்டிருப்பார்கள். கிளையும் கல்லும் அடைத்தால் ஆறு ஏறுவதற்கு முன்பே தெருவில் நீர் நிற்கும். 2020 பிப்ரவரியில் டெனிஸ் புயலில் மூழ்கிய அதே தெருக்கள் மறுபடி மூழ்கின. வெல்ஷ் மொழிக்காரர்கள் கூடும் க்லப் அ போன்ட் இரண்டு முறையும். விழா நடந்த பூங்காவிலும், அதிலுள்ள பழைய திறந்தவெளி நீச்சல் குளத்திலும் வெள்ளம்.

அதே நாளில் கிழக்கே கும்டிலரி ஊரில் பழைய நிலக்கரிக் கழிவுக் குன்று ஒன்று சரிந்து வீடுகள் வரை சேறு வந்தது. நாற்பது வீடு அளவில் காலி செய்தார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

வேல்ஸில் இப்படிக் கைவிட்ட குன்றுகள் 2,500க்கு மேல். குன்று சரிவது மேலே மழை விழுவதால் மட்டும் இல்லை. உள்ளே நீர் தேங்குவதால். கழிவுத் துகள்களின் இடுக்கில் நீர் நிரம்பினால் துகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் உராய்வு குறையும். ஒரு கட்டத்தில் மொத்தமும் கூழாகி ஓடும். 1966 அக்டோபர் 21இல் அபர்வானில் நடந்தது அதுதான். அந்த ஏழாம் குன்று ஊற்றுக்கண் மேல் கொட்டப்பட்டிருந்தது. 144 பேர், அதில் 116 குழந்தைகள்.

#19 தென்றல்_மதுரை

அண்ணா, அத்தனை குன்றையும் யார் பார்க்கிறார்கள்? பார்ப்பது என்றால் என்ன பார்ப்பார்கள்?

#20 கரிச்சுரங்கம்

அதுவரை நடப்பில் இருந்தது 1969 சட்டம். ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கக் காலத்துக்கு எழுதியது அது. மூடிய சுரங்கங்களின் குன்றுகள் தனியார் நிலம், உள்ளாட்சி, அரசு என்று பலர் கையில் சிதறிக் கிடந்தன. 2024 டிசம்பரில் புது மசோதா ஒன்றை செனெத்தில் வைத்தார்கள்: தனி ஆணையம், எல்லாக் குன்றுக்கும் பதிவேடு, ஆபத்து வகை பிரிப்பு, தொடர் கண்காணிப்பு.

ஆய்வுக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது வடிகால். குன்றின் மேல்விளிம்பில் வெட்டிய கால்வாய் தூர்ந்திருக்கிறதா, மண் சரிந்து அடைத்திருக்கிறதா, குழாய் வாயில் நீர் வருகிறதா. மழைக்குப் பிறகும் குழாய் உலர்ந்து கிடந்தால் அதுதான் பயப்பட வேண்டிய அறிகுறி, நீர் உள்ளே எங்கோ தங்குகிறது. அடுத்து அடிவாரத்தில் புதிய கசிவு, நாணல் முளைத்த ஈரத்திட்டு. பிறகு மேல்தளத்தில் பிறை வடிவ வெடிப்பு, அடிவாரத்தில் பிதுக்கம், சாய்ந்த மரம், முறுக்கிய வேலி. ஆபத்தான குன்றுகளில் குழாய் இறக்கி உள் நீர்மட்டம் அளப்பார்கள். கடும் மழை எச்சரிக்கை வந்தால் முன்பும் பின்பும் ஆள் போக வேண்டும்.

#21 வெண்பாப்பித்தன்

கடைசியாக ஒரு தகவல். 2024 நாற்காலிப் பாட்டு, கிரீடக் கவிதைகள், நடுவர் விமர்சனம் எல்லாம் ஒரே புத்தகமாக வருகிறது; ஒவ்வொரு வருடமும் வெள்ளிக்கிழமை நாற்காலிச் சடங்கு முடிந்த பிறகுதான் விற்பனைக்கு விடுவார்கள், ஜனங்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள். வெல்ஷ் தெரியாவிட்டாலும் அவ்டலை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு வரியை நடுவில் பிரித்து, மெய்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டுக்கொண்டு போனால் பத்தாவது வரியில் காது பிடித்துக்கொள்ளும். 2025 விழா ரெக்ஸமில் நடந்தது. அதற்கான அறிவிப்பு ஊர்வலம் 2024 ஏப்ரலிலேயே, கால்பந்து அணி ஏறிய அதே மாதத்தில், அந்த ஊர்த் தெருவில் போய்விட்டது.

#22 மெய்யப்பன்_டி

அடிக்கோடு போடும்போது "எல்எல்", "சிஎச்", "டிடி" ஒவ்வொன்றையும் ஒரே மெய்யாக எண்ணுங்கள், இரண்டாகப் பிரித்தால் கணக்கு முழுக்கத் தப்பும். வரியின் தொடக்கத்தில் தனியாக ஒரு ந் பதிலில்லாமல் நின்றால் குற்றமென்று எண்ண வேண்டாம், அதற்கு அனுமதி உண்டு.